சிங்கப்பூர் வெக்கையில் கல்யாண சூட்: எந்தத் துணி, எந்தத் தையல்?

அக்கா மகனுக்குத் தை மாதம் கல்யாணம். காலையில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் முகூர்த்தம், அதற்குப் பட்டு வேட்டி. சாயங்காலம் ஹோட்டலில் விருந்து, அதற்கு சூட். வேட்டியில் யாருக்கும் குழப்பமில்லை. லிட்டில் இந்தியாவில், தேக்காவில், அரை மணி நேரத்தில் எடுத்தாகிவிட்டது. சூட்டுக்குத்தான் மூன்று சனிக்கிழமை போயிற்று.

அவனுக்கு இது முதல் சூட். "மாமா, சூப்பர் 150ன்னு ஒரு துணி இருக்காம், அதுதான் டாப்பாம்" என்று கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தான். நான் இதுவரை ஐந்து சூட் தைத்திருக்கிறேன், அதில் இரண்டு வீண். அந்த இரண்டின் தகுதியில்தான் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

கடைக்குப் போகும் முன் காப்பிக்கடையில் உட்கார்ந்து, இந்த சூட் அன்றைக்கு என்னென்ன வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினோம். நாலரை மணிக்குப் பூமலையில் (தாவரவியல் பூங்காவை இங்கே அப்படித்தான் சொல்வோம்) புகைப்படம், அதாவது வெட்டவெளியில் ஒரு மணி நேரம். ஆறரையிலிருந்து பதினொன்று வரை ஹோட்டல் மண்டபத்தில், ஏர்கான் குளிரில். கையைத் தூக்கி மாலை போடுவது, குனிந்து மாலை வாங்குவது. பெரியவர்கள் காலில் விழுவது, எப்படியும் முப்பது தடவை. மேடையில் நீட்டுகிற மொய்க் கவர்களை எங்கேயாவது செருகுவது. எல்லாம் முடிந்த பிறகு அலுவலகத்துக்கும் அடுத்தவர் கல்யாணத்துக்கும் போட்டுக்கொள்வது. இணையத்தில் சூட் பற்றிக் கிடைப்பதில் பெரும்பாலானவை லண்டன்காரரும் மிலான்காரரும் அவரவர் ஊர்க் குளிருக்கு எழுதியவை. காலில் விழுவதைப் பற்றி அவர்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

துணி: மெல்லிசு வேறு, காற்றோட்டம் வேறு

இங்கே பகலில் 31 முதல் 33 டிகிரி. ராத்திரியிலும் 23, 24க்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியிலேயே 80 விழுக்காட்டைத் தாண்டும். வேர்வை வரும், வந்தது காயாது. அப்படியே மண்டபத்துக்குள் நுழைந்தால் ஏர்கான் காற்று அந்த ஈர முதுகில் அடிக்கும். ஆக ஒரே சூட் இரண்டு பருவத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கம்பளி என்றதும் நம் ஆட்களுக்கு ஊட்டி ஸ்வெட்டர்தான் ஞாபகம் வருகிறது. "இந்த ஊர் வெயிலுக்குக் கம்பளியா, கிறுக்காடா உனக்கு?" என்று அக்கா கேட்டார். சூட்டுக்கு நெய்கிற கம்பளி வேறு ரகம். நீளமான இழைகளைச் சீவி, வரிசைப்படுத்தி, வழவழப்பாக நூற்றது. கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாலும், தொட்டுப் பார்த்தால் நசநசவென்று இருக்காது. சாதாரணக் காற்றில் பாலியஸ்டர் பிடித்துவைக்கும் ஈரம் ஒரு விழுக்காடுகூடத் தேறாது. டெரிகாட்டன் சட்டை போட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.

சரி, அவன் கேட்ட சூப்பர் 150க்கு வருவோம். அந்த எண்ணுக்கும் துணியின் எடைக்கும் சம்பந்தமில்லை, காற்று புகுமா என்பதற்கும் சம்பந்தமில்லை. ஆட்டு ரோமம் எவ்வளவு மெல்லியது என்பதற்கான கணக்கு அது. பன்னாட்டுக் கம்பளித் துணி அமைப்பின் விதிப்படி, சூப்பர் 100 என்று போட வேண்டுமானால் இழையின் சராசரிப் பருமன் 18.75 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 120க்கு 17.75, 150க்கு 16.25. பத்து எண் ஏறினால் அரை மைக்ரான் குறையும். இழை மெலிய மெலியத் துணி பட்டு மாதிரி வழுக்கும், விலை ஏறும், உழைப்பு குறையும். முழங்கையும் உட்காரும் இடமும் சீக்கிரம் பளபளக்கும். இங்கத்தி ஈரத்தில் கசங்கினால் சட்டென்று நிமிராது. ஆண்டுக்கு இரண்டு முறை போடுகிறவருக்குச் சரி. ஒரே சூட்டை வைத்துக் காலம் தள்ளப் போகிறவனுக்கு 110, 120 போதும்.

இன்னொரு எச்சரிக்கை. சூப்பர் என்ற சொல் கம்பளிக்கு உரியது. மலிவுப் பாலியஸ்டர் துணியின் ஓரத்திலும் அதை அச்சடித்து விற்கிறார்கள். ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி நெருப்பு காட்டுங்கள். கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். கடைக்குள் வேண்டாம், வெளியே வந்து செய்யுங்கள்.

அரபு ஸ்திரீட்டில் ஒரு கடையில் பெரியவர் ஒருவர் எங்களுக்கு வேறு ஒரு சோதனை காட்டிக்கொடுத்தார். துணியை வாய்க்கு நேராகப் பிடித்து, மறுபக்கம் உள்ளங்கையை வைத்து, ஊதச் சொன்னார். முதலில் சூப்பர் 150. சாய்கோடு தெரியும் நெருக்கமான ட்வில் நெசவு. ஊதிய காற்று என் மூக்குக்கே திரும்பி வந்தது. அடுத்து, பலமாக முறுக்கிய நூலில் சாதா நெசவாக நெய்த ஒரு கம்பளி. கையில் எடுத்தால் முன்னதைவிடக் கனம், கொஞ்சம் சொரசொரப்பு. ஊதினால் உள்ளங்கையில் காற்று பட்டது. வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்குக் கண் ஓட்டை தெரிந்தது. பிறகு அதைக் கைக்குள் வைத்து நன்றாகக் கசக்கி விட்டார். மெல்ல மெல்லத் தானே விரிந்துகொண்டது. அக்கா மகன் கைப்பேசியைப் பாக்கெட்டில் வைத்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கனமான துணி குளிர்ச்சியாக இருக்குமா என்று கேட்டால், ஈரோட்டுத் துண்டையும் பாலியஸ்டர் சட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள். துண்டுதான் தடிமன், துண்டுதான் குளிர்ச்சி. முறுக்கு நூல் ஒன்றோடொன்று படியாமல் விறைத்து நிற்பதால் நடுவே காற்றுக்கு வழி கிடைக்கிறது. இந்த வகையில் பேர்போனது ஃப்ரெஸ்கோ. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நெசவாலை ஒன்று 1907ல் பதிவு செய்த பெயர். இன்று பல ஆலைகள் வேறு வேறு பெயரில் இதே மாதிரி நெய்கின்றன. கடையில் முறுக்கு நூல் கம்பளி, சாதா நெசவு என்று கேட்டாலே எடுத்துப் போடுவார்கள்.

எடை பற்றி ஒரு சின்னக் கணக்கு, கடையில் குழப்புவார்கள் என்பதற்காக. ஒரு கடை அவுன்ஸில் சொல்லும், ஒரு கடை கிராமில் சொல்லும், இன்னொன்று சதுர மீட்டருக்கு கிராம் சொல்லும். கஜத்துக்கு 9 அவுன்ஸ் துணி என்றால் ஓட்ட மீட்டருக்கு, அதாவது முழு அகலத்தோடு ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஏறக்குறைய 280 கிராம். அகலம் ஒன்றரை மீட்டர் என்பதால் அதே துணி சதுர மீட்டருக்கு 187 கிராம்தான். "இது 190, அது 280, இதுதான் லேசு" என்று யாராவது சொன்னால், இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். முறுக்கு நூலில் 8 முதல் 10 அவுன்ஸ் நம் ஊருக்கு நல்ல அளவு. அதற்கும் கீழே போனால் கால்சட்டை காலோடு ஒட்டும், கோட்டு தொங்கும்.

மொஹேர் கலந்த கம்பளியையும் பார்த்தோம். அங்கோரா ஆட்டின் ரோமம் அது. அங்கோரா என்ற பெயரில் விற்பதோ முயல் ரோமம், இந்தக் குழப்பத்தை யார் தொடங்கி வைத்தார்களோ. மொஹேர் கலந்தால் துணி விறைப்பாக நிற்கும், கசங்காது, வெளிச்சத்தில் மெல்லிய மினுக்கு இருக்கும். ராத்திரி விருந்துக்கு உண்மையிலேயே அழகு. ஆனால் மேடை விளக்கும் ஃபிளாஷும் சேர்ந்தால் மினுக்கு இரட்டிப்பாகும். தவிர, அலுவலகத்துக்குப் போட்டுப் போனால் நேராக ஏதோ விழாவிலிருந்து வந்தவன் மாதிரி இருக்கும். கூர்மையாக மடித்து அயர்ன் செய்யும் இடத்தில் காலப்போக்கில் நூல் வெட்டுப்படுவதும் உண்டு. கல்யாணத்துக்கு மட்டும் என்றால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

லினன், பருத்தி இரண்டையும் சீக்கிரம் கழித்துவிட்டோம். லினன் உடம்புக்குச் சுகம், அதில் மறுபேச்சில்லை. கடற்கரை ஓரத்தில் பகல் கல்யாணம் என்றால் அதையே எடுக்கலாம். ஆனால் பூமலைக்குக் காரில் உட்கார்ந்து போய் இறங்கும்போதே மடியில் வாழைப்பட்டை மாதிரி மடிப்பு விழுந்திருக்கும். பருத்தி சூட் முழங்காலில் உப்பும், துவைக்கத் துவைக்க மடிப்பு ஓரங்களில் வெளுக்கும். சுருக்கம் சுருக்கமாக நெய்த சீர்சக்கர் என்றொரு பருத்தி இருக்கிறது. பாரசீகத்தில் பாலும் சர்க்கரையும் என்று பொருள்படும் சொல் இந்தியா வழியாக ஆங்கிலத்துக்குப் போய் இப்படி ஆயிற்று. பெயருக்காகவே பிடிக்கும். மாப்பிள்ளைக்குச் சரிவராது.

அப்புறம் மிச்சமிருந்தது பெரியப்பா கொடுத்த சூட் பிட். நிச்சயதார்த்தத்துக்குத் திருச்சியிலிருந்து வந்தபோது, பெட்டியோடு, ரிப்பன் கட்டி. பாலியஸ்டரும் கம்பளியும் கலந்தது. தைக்காமல் விட்டால் மனத்தாங்கல் வரும், தைத்தால் பூமலையில் வேகும். கலவைத் துணியை நான் ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். விலை குறைவு, கசங்காது, மழையில் நனைந்தாலும் அலட்டிக்கொள்ளாது. விமானத்தில் அடிக்கடி போகிறவருக்கு உபயோகம். நாள் முழுக்க ஏர்கானுக்குள் இருக்கிறவருக்கு வித்தியாசமே தெரியாமல் போகலாம். கடைசியில் பெரியப்பா துணியை அலுவலகத்துக்கு இரண்டு கால்சட்டையாகத் தைப்பது என்றும், முதல் கால்சட்டையைப் போட்டுப் படம் எடுத்து அனுப்புவது என்றும் சமாதானமானது.

கோட்டுக்குள்ளே என்ன இருக்கிறது

துணிக்கு இரண்டு சனிக்கிழமை செலவழித்தோம். உண்மையில் பாதி நேரம் இதற்குக் கொடுத்திருக்க வேண்டும்.

2011ல் நான் தைத்த சூட்டின் கதை. ஒரு கடைத்தொகுதியில் சூட், சட்டை, டை எல்லாம் சேர்த்து ஒரு விலை என்று பலகை வைத்திருந்த கடை. துணி நல்ல துணிதான். மூன்றாம் முறை டிரைகிளீனிங் போய் வந்தபோது மார்புப் பக்கம் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. அயர்ன் வைத்தால் அடங்கும், ஒரு மணி நேரத்தில் மறுபடி எழும்பும். கடைக்காரரிடம் கொண்டுபோனேன். டிரைகிளீனிங் கடையைக் குறை சொன்னார். டிரைகிளீனிங் கடை அவரைக் குறை சொன்னது.

நடந்தது இதுதான். கோட்டின் முன்பக்கம் விறைப்பாக நிற்க, துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே ஓர் உள்துணி இருக்கும். அதைப் பசை தடவி, சூடு வைத்து ஒட்டலாம், நூலால் தைத்தும் பொருத்தலாம். ஒட்டியது மலிவு, சீக்கிரம் முடியும். சூடும் ஈரமும் ரசாயனமும் பட்டுப் பசை ஆங்காங்கே விட்டுப்போனால் மேல்துணி தனியாக உப்பிக்கொள்ளும். பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. நூலால் தைப்பதில் இரண்டு வகை. குதிரை முடி கலந்த கேன்வாஸைத் தோளிலிருந்து கோட்டின் அடிவரை வைத்துத் தைப்பது முழு கேன்வாஸ். மார்பு வரை கேன்வாஸும் கீழே ஒட்டுத்துணியும் வைத்தால் அரை கேன்வாஸ். கேன்வாஸ் வைத்த கோட்டு போடப் போட உங்கள் உடம்புக்குப் படியும். ஒட்டிய கோட்டு முதல் நாள் எப்படியோ கடைசி நாளும் அப்படியே.

தெரிந்துகொள்ள ஒரு வழி. கீழ்ப் பித்தானுக்குப் பக்கத்தில் மேல்துணியை ஒரு கையாலும் உள்பக்கத் துணியை இன்னொரு கையாலும் கிள்ளிப் பிரித்து இழுங்கள். நடுவே மூன்றாவதாக ஒன்று வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் முழு கேன்வாஸ். ஒன்றும் நகராமல் மேல்துணி அட்டை மாதிரி இருந்தால் ஒட்டியது. மேலே மார்புப் பக்கத்திலும் கிள்ளிப் பார்த்தால் அரை கேன்வாஸா என்று தெரிந்துவிடும்.

எங்களுக்குச் சொன்ன விலைகளை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பாலியஸ்டரும் விஸ்கோஸும் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) கலந்த துணியில் ஒட்டுத் தையல் சூட் 400 வெள்ளிக்குள், அதாவது 400 சிங்கப்பூர் டாலருக்குள், முடியும். முறுக்கு நூல் கம்பளி, அரை கேன்வாஸ் 1,100 வாக்கில். அதையே முழு கேன்வாஸில் கேட்டபோது 1,800க்கு மேல் போனது. இவற்றோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேருமா, விலையிலேயே அடங்கியதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சூப்பர் 150, ஒட்டுத் தையல் என்று ஒரு கடை 900 சொன்னது. அதுதான் இருப்பதில் மோசமான பேரம். மேல்துணியில் பணத்தைக் கொட்டிவிட்டு உள்ளே பசை. என் தீர்ப்பு அரை கேன்வாஸ். முழு கேன்வாஸ் நல்லதுதான், ஆனால் அந்த 700 வெள்ளி வித்தியாசத்தை மாப்பிள்ளைக் கோலத்தில் இருப்பவன் வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

லைனிங்கில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். காற்று புகும் துணியைத் தேடித் தேடி எடுத்துவிட்டு, உள்ளே முழுக்கப் பாலியஸ்டர் லைனிங் போட்டால் பிளாஸ்டிக் பையைப் போர்த்திக்கொண்ட மாதிரிதான். நம் ஊருக்கு அரை லைனிங் போதும். தோளிலும் கையிலும் மட்டும் இருக்கட்டும், கோட்டு வழுக்கி ஏற அது வேண்டும். முதுகின் கீழ்ப்பகுதி திறந்திருக்கட்டும். துணி குறைகிறதே, விலை குறையுமா என்று அக்கா மகன் கேட்டான். குறையாது. லைனிங் இல்லாத இடத்தில் தையல் விளிம்பெல்லாம் வெளியே தெரியும். ஒவ்வொன்றையும் பட்டி வைத்து மூட வேண்டும், வேலை கூடுதல். லைனிங் துணிக்குக் குப்ரோ கேளுங்கள். பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சிலிருந்து செய்வது. ஜப்பானின் அசாஹி காசெய் நிறுவனம் பெம்பெர்க் என்ற பெயரில் விற்கிறது. பட்டு மாதிரி வழுக்கும், ஈரத்தையும் இழுக்கும். கிடைக்காவிட்டால் விஸ்கோஸ்.

சொரசொரப்பான முறுக்கு நூல் கால்சட்டைக்கு முன்பக்கம் முழங்கால் வரை லைனிங் வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மேடையில் நிற்கிறவன் தொடையைச் சொறிந்துகொண்டிருப்பான்.

நிறம்

கறுப்பு சூட்தான் வேண்டும் என்று அவன் முதலில் ஒற்றைக்காலில் நின்றான். இரண்டு காரணம் சொன்னேன். ஹோட்டல் மண்டபத்தில் பரிமாறுகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பில்தான் இருப்பார்கள், யாராவது உன்னிடம் தண்ணீர் கேட்பார்கள். இரண்டாவது காரணத்தை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "கல்யாணத்துல மாப்பிள்ளை கறுப்பா?" என்று பாட்டி ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

மிச்சம் கரும்நீலமும் கரும்சாம்பலும். சாம்பல் அலுவலகத்துக்கு நல்லது, நம் மாநிறத்துக்குக் கொஞ்சம் சோர்ந்த களை கொடுக்கும். நீலம் நம் தோலில் எடுப்பாக நிற்கும், பொண்ணின் அரக்குப் புடவைக்குப் பக்கத்திலும் அடங்கிப்போகாது. நீலத்திலேயே மிக ஆழ்ந்த நீலம் மண்டப விளக்கில் கறுப்பாகத்தான் தெரியும். எனவே ஒரு படி வெளிறிய நீலம் எடுத்தோம். துணியைக் கடை விளக்கில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு எடுத்துப் போங்கள். பீப்பிள்ஸ் பார்க் மாதிரி மூடிய கடைத்தொகுதி என்றால் படியிறங்கிக் கீழே வரை கேட்டு வாங்கிப் போனாலும் தப்பில்லை.

தையல் விவரங்கள்: மாலைக்கும் மொய்க்கும் காலில் விழுவதற்கும்

இரட்டை வரிசைப் பித்தானா, ஒற்றை வரிசையா? இரட்டை வரிசை கம்பீரம், அதிலும் ஒல்லியான பையனுக்கு. ஆனால் முன்பக்கம் துணி ஒன்றின் மேல் ஒன்று ஏறும். திறந்து விட்டால் பட்டாளத்துக் கொடி மாதிரி ஆடும், ஆகவே எந்நேரமும் பூட்டியே இருக்க வேண்டும். நாலரை மணி வெயிலில் அது தண்டனை. ஒற்றை வரிசை, இரண்டு பித்தான். கீழ்ப் பித்தானைப் போடுவதில்லை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உட்காரும்போது மேல் பித்தானையும் கழற்றிவிடலாம்.

வெயிஸ்ட்கோட் சேர்த்து மூன்று உருப்படியாகத் தைப்பதா என்பது எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம். ஓர் அடுக்கு கூடுகிறது, சூடு கூடும் என்பது என் கட்சி. விருந்து முடியும் நேரம் நண்பர்கள் ஆடக் கூப்பிடுவார்கள், கோட்டைக் கழற்றினாலும் வெயிஸ்ட்கோட்டில் மாப்பிள்ளை மாப்பிள்ளையாகவே தெரிவான் என்பது அவன் கட்சி. யோசித்தால் அவன் சொன்னது சரி. பூமலையில் போடாமல், மண்டபத்தில் மட்டும் போடுவது என்று முடிவானது. வெயிஸ்ட்கோட்டின் முதுகு லைனிங் துணியில்தான் இருக்கும், அதையும் குப்ரோவாகக் கேட்டுக்கொண்டோம்.

காலரைத் தொடரும் மடிப்பு, லேப்பல் என்பார்களே, அதில் மேல்நோக்கிக் கூரான பீக், சாதாரண வெட்டு வைத்த நாட்ச், வெட்டே இல்லாத ஷால் என்று மூன்று. ஷால் டக்ஷீடோ என்கிற ராத்திரி விருந்து உடுப்புக்கு. மற்ற இரண்டும் அவரவர் இஷ்டம். அவன் பீக் எடுத்தான். அகலம் மட்டும் தோளின் பாதிக்குக் கிட்டத்தட்ட வரட்டும். இப்போதைய மோஸ்தர் என்று ஒல்லியாக வைத்தால் பத்து ஆண்டு கழித்து ஆல்பத்தைப் பார்க்கையில் அந்த ஆண்டின் பெயரே நெற்றியில் எழுதியிருக்கும்.

ரோஜா மாலை கழுத்தில் விழுந்தால் லேப்பல் மறைந்துவிடும் என்பதும் ஒரு கணக்கு. நம் மாலைகள் கனம், கூடவே ஈரம். தண்ணீர் தெளித்த மாலை ஒரு மணி நேரம் கிடந்தால் மார்புப் பக்கம் நனைந்து, ஒட்டுத் தையல் கோட்டாக இருந்தால் அன்றைக்கே அதன் ஆயுள் குறையத் தொடங்கும். பூக்காரரிடம் தண்ணீரை உதறிவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். தோளில் திண்டு அதிகம் வேண்டாம், மெல்லிய பட்டை போதும். திண்டு வைத்த தோளில் மாலை வழுக்கும்.

மாலை போடக் கையைத் தூக்கும்போது சட்டை வெளியே வந்து கோட்டு காதுவரை ஏறுவதைப் பல கல்யாணப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் அக்குள் வெட்டு. அக்குளைத் தாழ்த்தி வெட்டினால் கை தாராளமாக ஆடும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. தாழ்ந்த அக்குள் கையோடு சேர்த்துக் கோட்டு முழுவதையும் தூக்கும். அக்குளுக்கு நெருக்கமாக, உயரமாக வெட்டினால் கை மட்டும் மேலே போகும், கோட்டு இருந்த இடத்தில் இருக்கும். ரெடிமேட் கோட்டில் எல்லா உடம்புக்கும் பொதுவாகத் தாழ்த்தித்தான் வெட்டியிருப்பார்கள், பிறகு மாற்றவும் முடியாது. தைத்துப் போடுவதற்குக் கொடுக்கும் பணத்தில் பாதிக்கு நியாயம் இந்த ஒரு விஷயத்திலேயே கிடைத்துவிடும்.

கோட்டின் பின்பக்க வெட்டு: ஒன்றுமில்லை, நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. காலில் விழுகிற ஊரில் இரண்டுதான். வெட்டே இல்லாத கோட்டில் குனிந்தால் இடுப்பில் மூட்டையாகச் சுருண்டு நிற்கும். நடுவெட்டு இரண்டாகப் பிளந்து பின்னால் நிற்கிறவருக்குக் காட்சி கொடுக்கும்.

கால்சட்டையில்தான் எனக்கும் அவனுக்கும் சண்டை. காலோடு ஒட்டிய வெட்டு கேட்டான். நான் முன்பக்கம் ஒரு பிளீட் (இடுப்புப் பட்டிக்குக் கீழே வைக்கும் மடிப்பு), இடுப்பு கொஞ்சம் உயரம், தொடையில் இடம் என்றேன். "மாமா, பிளீட் வச்சா தாத்தா மாதிரி இருக்கும்." தாத்தா முப்பது பேர் காலில் விழுந்து எழுந்தாலும் கிழியாது என்பதைச் சொன்னேன். ஒருவர் கல்யாண மேடையில் பின் தையல் விட்டுப்போய், கோட்டைக் கழற்றாமலேயே ராத்திரி முழுக்கச் சமாளித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கடைசியில் பிளீட் கிடையாது, ஆனால் தொடை கொஞ்சம் தாராளம், இருக்கைப் பக்கம் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைப்பது என்று பாதி வழியில் சந்தித்தோம். பெல்ட்டுக்குப் பதில் பக்கவாட்டில் இழுத்து இறுக்கும் பட்டி. வெயிஸ்ட்கோட்டுக்கு அடியில் பெல்ட் பக்கிள் துருத்தாமல் இருக்க அதுதான் சரி.

பாக்கெட் விஷயத்தில் தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். உள்பாக்கெட் இரண்டு பக்கமும் வேண்டும், மொய்க் கவர் முழுசாக உள்ளே போகிற ஆழத்தில். டெய்லரிடம் ஒரு கவரையே கொண்டுபோய்க் கொடுத்தோம். இருந்தாலும் நாலைந்து கவருக்கு மேல் சேர்ந்தால் மார்பு புடைக்கும், பக்கத்தில் நிற்கும் தம்பியிடம் பையைக் கொடுத்து வையுங்கள். வெளிப் பாக்கெட்டுக்கு மூடி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை.

கைமுனையில் நிஜமாகவே திறக்கும் காஜா கேட்பது இப்போது ஒரு மோகம். அதை வெட்டிவிட்டால் பிறகு கை நீளத்தைக் கீழிருந்து கூட்டவோ குறைக்கவோ முடியாது. கடைசி டிரையலில் நீளம் சரியென்று உறுதியான பிறகு வெட்டச் சொல்லலாம். இல்லையென்றால் பொய்க் காஜாவே போதும். யாரும் கல்யாணத்தில் கைமுனையைத் திறந்து பார்க்கப் போவதில்லை.

எங்கே தைப்பது

ஊருக்குப் போகும்போது திருச்சியிலோ சென்னையிலோ தைக்கலாம் என்று அத்தானுக்கு எண்ணம். கூலி நிச்சயம் குறைவு, கைத்திறனும் குறைவில்லை. சிக்கல் டிரையலில். ஒரு நல்ல கோட்டுக்குக் குறைந்தது இரண்டு டிரையல் வேண்டும், நடுவே இரண்டு மூன்று வாரம். பத்து நாள் லீவில் கோயில், சொந்தக்காரர் வீடு, நகைக்கடை எல்லாம் முடித்து அதற்கு ஏது நேரம்? ஒரே நாளில் தைத்துக் கொடுப்போம் என்று இங்கே சொல்லும் கடைகளுக்கும் இதே பதில்தான். ஒரு நாளில் ஒட்டலாம், தைக்க முடியாது. இரண்டு மாதம் முன்பே ஆரம்பித்தால் பேரம் பேசவும் நேரம் இருக்கும்.

நாங்கள் போனது ஒரு சீன அங்கிளிடம். சின்னக் கடை, சுவர் முழுக்கத் துணி மாதிரிப் புத்தகங்கள். இரண்டாவது டிரையலில் கோட்டு வெள்ளைத் தையலோடு தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு கை மட்டும் பொருத்தியிருந்தார். அக்கா மகன் கண்ணாடி முன் விறைப்பாக நின்று இடமும் வலமும் திரும்பிப் பார்த்தான். "நிக்கிறதெல்லாம் யாரும் நிப்பாங்க, என் கால்ல விழு" என்றேன். கடைக்குள்ளேயா என்று முழித்தான். அங்கிள் புரிந்துகொண்டார். எங்களைப் போல் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார் போல. நாற்காலியை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்து, வாயில் நாலைந்து குண்டூசியோடு பின்னால் போய்க் குந்திக்கொண்டார். அவன் குனிந்தான். அங்கிள் இருக்கைத் தையலில் விரலை விட்டுப் பார்த்து, சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அரை அங்குலம் என்று விரலால் காட்டினார். பிறகு அவனை நிமிரச் சொல்லி, வயிற்றைத் தட்டி, கல்யாணத்துக்கு முன் எத்தனை வீட்டில் விருந்து என்று கேட்டார். ஏழு என்றான். சாக்கட்டிக் கோட்டை முக்கால் அங்குலத்துக்குத் திருத்தினார்.